மேலே போக வேண்டிய வாளி

34 வருடம் வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் துண்டு விழுந்தாலும் அது எங்கே போனது என்று தெரியாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஓய்வுபெற்று மகள் வீட்டோடு கனடா வந்த பிறகு இந்தப் பழக்கத்துக்கு வேலை இருக்காது என்றுதான் நினைத்தேன். இப்போது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, வாரத்தில் மூன்று காலை, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று மீன் எண்ணுகிறேன். இந்தக் கணக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

இடம் வான்கூவருக்குக் கிழக்கே, ஃப்ரேசர் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஓடை. பெயர் சொல்ல வேண்டாம் என்று மீன் எண்ணும் எங்கள் குழுவில் கேட்டுக்கொண்டார்கள். தெரிந்தால் பொறிப் பெட்டியைத் திறந்து பார்க்க ஆட்கள் வந்துவிடுகிறார்களாம். ஊரில் கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டிருக்கிறேன். இங்கே வந்து மீனுக்குப் பொறி வைக்கிறேன். பிறந்ததிலிருந்து சைவம். ஒரு மீனைக் கையால் தொட்டதே 62 வயதில்தான்.

ஆரம்பித்தது இப்படி. பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடைப் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தேன். கீழே இடுப்பு வரை ரப்பர் உடை போட்ட மூன்று பேர். ஒருவர் சின்ன வலையால் மீனை அள்ளி ஏதோ பெயர் சொல்கிறார், இன்னொருவர் அட்டையில் கோடு போடுகிறார். நின்று பார்த்தேன். கை தானாக விரல் மடக்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் "அறுபத்தொன்று" என்றார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை: "அறுபத்திரண்டு." கோடு போட்டவர் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளை முடி, எழுபது வயது இருக்கும். ஒன்றும் சொல்லாமல் அட்டையில் இருந்த கோடுகளை மறுபடி எண்ணினார். அறுபத்திரண்டு. கூட்டியதில் ஒன்று விட்டிருந்தார். அடுத்த வாரம் எனக்கும் ஒரு ரப்பர் உடை வந்தது, பூட்ஸ் மட்டும் இரண்டு அளவு பெரியது.

அந்த வெள்ளை முடிக்காரர்தான் குழுவுக்குத் தலைமை. பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். இங்கே எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாயில் வரவில்லை. மனதுக்குள் அவர் டீச்சர்தான்.

முதல் நாள் கிளம்பும்போது வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மீன் குஞ்சுக்கு இங்கே ஃப்ரை என்று பெயர். "ஃப்ரை எண்ணப் போறேன்" என்றேன். மாப்பிள்ளை காபியைத் துப்பாத குறை. "எண்ணிட்டு அப்படியே ஒரு பிளேட் வாங்கிட்டு வாங்க அத்தை" என்றார். மகள் முறைத்தாள்.

ஃப்ரை எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் ஓடையில் முக்கியமாக இரண்டு சால்மன். ஒன்று சம். முட்டையிலிருந்து வந்து சரளைக்கல்லுக்கு மேலே தலையை நீட்டியதும் அப்படியே கடலைப் பார்த்துக் கிளம்பிவிடும். நாலு சென்டிமீட்டர்கூட இருக்காது. இன்னொன்று கோஹோ, அதற்கு அவசரமே கிடையாது. இலையுதிர் காலக் கடைசியில் தாய் மீன் சரளையில் குழி பறித்து முட்டை இடுகிறது, 2,500 அளவில். வசந்தத்தில் குஞ்சு வெளியே வரும். வந்தபின் ஒரு வருடத்துக்கு மேல் இந்த ஓடையிலேயே, வேருக்கு அடியிலும் விழுந்து கிடக்கும் மரத்தின் நிழலிலும் ஒதுங்கிப் பூச்சி பிடித்து வளரும். அப்போது அதன் விலாவில் கட்டை விரலால் மை வைத்து ஒற்றியது மாதிரி வரிசையாகக் கரும்பட்டைகள் இருக்கும். அந்தப் பருவத்துக்கு "பார்" என்று பெயர்.

அடுத்த வசந்தத்தில் பகல் நீள நீள அந்தப் பட்டைகள் மறைந்து மேலே வெள்ளி பூசியது போல ஆகிவிடும். உடம்பு ஒல்லியாக நீளும். செதில் கையோடு வரும் அளவுக்குத் தளர்ந்துவிடும். உள்ளே நடக்கும் வேலை இன்னும் பெரிது. இதுவரை உப்பை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த செவுள்கள், இனி உப்பை வெளியே தள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும். அது முடிந்த மீன்தான் ஸ்மோல்ட். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்களே, இது ஆற்றுக்கு ஒரு முகமும் கடலுக்கு ஒரு முகமும் வைத்திருக்கும் ஜாதி. ஒரே வித்தியாசம், விலாங்கு கடலில் பிறந்து ஆற்றுக்கு வருகிறது. இது நேர் எதிர்.

கிளம்புவது பெரும்பாலும் ராத்திரியில். அதனால் எங்கள் வேலை காலை ஏழு மணிக்கு. கம்பி வலைச் சட்டங்களைப் புனல் மாதிரி சாய்த்து நிறுத்தி, அதன் வாயில் ஒரு குழாய், குழாயின் முடிவில் தண்ணீரில் அமிழ்ந்த மரப்பெட்டி. இது ஓடையின் பாதி அகலத்தைத்தான் மறிக்கிறது. மறுபாதி திறந்தே கிடக்கும். இதற்கே மத்திய மீன்வளத்துறையிடம் வருடா வருடம் அனுமதி வாங்க வேண்டும். பெரிய ஆறுகளில் தண்ணீர் வேகத்திலேயே சுழலும் கூம்பு வடிவப் பொறியை மிதக்கவிடுகிறார்கள். எங்கள் ஓடைக்கு அவ்வளவு ஆடம்பரம் தாங்காது.

மூடியைத் தூக்கும் நிமிடம் இருக்கிறதே, அது பண்டிகைக்கு முந்தின நாள் கவுன்ட்டர் ஷட்டரைத் தூக்குவது மாதிரி. யார் யார் வந்து நிற்பார்கள் என்று தெரியாது. கோஹோ ஸ்மோல்ட், போன மாதம்தான் பிறந்த கோஹோ குஞ்சு, சம் குஞ்சு, முதுகில் மூன்று முள் வைத்த சுண்டுவிரல் நீள மீன், கல் நிறத்தில் தலை பெருத்த ஒன்று, நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் நிற்கும் ஒரு ஜந்து. எல்லாவற்றுக்கும் மேலே கட்த்ரோட் டிரவுட். இவன் பெட்டிக்குள் மாட்டினால் ராத்திரி முழுக்க சாப்பாடுதான். ஒருநாள் நல்ல தடிமனான ஒருவன், வாயிலிருந்து சம் குஞ்சின் வால் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. அந்த வாலை எண்ணுவதா வேண்டாமா என்று கேட்டேன். டீச்சர் எண்ணச் சொன்னார். வந்தது வந்ததுதானே. இப்போது பெட்டிக்குள் கிளைகளும் வலைத் தடுப்பும் போட்டு வைத்திருக்கிறோம், சின்னவை ஒளிந்துகொள்ள.

ஸ்மோல்ட்டைத் தொடுவதற்கு முன் கையை ஓடையிலேயே நனைத்துக் குளிரவைக்க வேண்டும். உலர்ந்த கை பட்டால் அதன் மேல் உள்ள வழுவழுப்புப் போய்விடும். அதுதான் அதற்குச் சட்டை. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் சில துளி கிராம்பு எண்ணெய். மயக்க மருந்து! அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பல்வலி வந்தால் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்துக்கொண்டு, கன்னத்தைப் பிடித்தபடி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அதே எண்ணெயில் இங்கே மீன் ஒருக்களித்துத் தூங்குகிறது. அரை நிமிடத்துக்குள் அளவுப் பலகையில் வைத்து மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை அளந்து, எடை போட்டு, சுத்தமான தண்ணீர் வாளிக்கு மாற்றிவிட வேண்டும். பெரும்பாலும் பத்து சென்டிமீட்டர் சுற்றி இருக்கும். தண்ணீர் சூடாகிவிட்டால் அளவெல்லாம் கிடையாது. எண்ணி விட்டுவிடுவோம்.

சால்மன் திரும்பி வருவதும் வாடையை வைத்துத்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்தர் ஹாஸ்லர் என்பவர், தன் சொந்த ஊரான யூட்டாவில் மலை ஏறும்போது ஓர் அருவிப் பக்கத்துச் செடி வாசனை மூக்கில் பட, மறந்தே போன சிறுவயது எல்லாம் திரண்டு வந்ததாம். மீனுக்கும் இப்படித்தானோ என்று யோசித்தார். 1950-களில் வாஷிங்டன் மாநிலத்தில் ஊர் திரும்பிய கோஹோவைப் பிடித்து, சிலவற்றின் மூக்கை அடைத்து, கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு அடைபடாதவை பெரும்பாலும் தங்கள் ஓடைக்கே போய்ச் சேர்ந்தன, அடைபட்டவை வழி தவறின. அந்த வாசனை மனதில் பதிவதில் இந்த ஸ்மோல்ட் பருவம் முக்கியமானது என்கிறார்கள். அதனால் வாளியை ஓடைத் தண்ணீரால் மட்டும்தான் நிரப்புவோம். வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு கோப்பைகூடக் கூடாது. அதில் இருக்கும் குளோரின் மீனைக் கொன்றேவிடும் என்பது தனி.

சரி, தலைப்பில் உள்ள வாளிக்கு வருகிறேன்.

பொறி பாதி ஓடையைத்தான் மறிக்கிறது என்றேன் அல்லவா. அப்படியானால் பெட்டியில் விழுந்தது போக எத்தனை மீன் பக்கத்தில் நழுவிப் போயிற்று? அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிடித்த ஸ்மோல்ட்டில் சிலவற்றின் வால் நுனியில் கடுகளவு கத்தரித்துக் குறி வைக்கிறோம். வலிக்காதா என்று நானும் கேட்டேன். நகம் வெட்டுவது மாதிரி என்றார்கள், பிறகு வளர்ந்துவிடும். குறி வைத்தவற்றை ஓடையில் மேலே, இருநூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவோம். மறுபடி கீழே வரும்போது அவற்றில் எத்தனை பெட்டியில் விழுகின்றன என்று பார்ப்போம். 40-க்குக் குறி வைத்து 10 திரும்பக் கிடைத்தால், நாலில் ஒன்றைத்தான் பொறி பிடிக்கிறது. அன்று பெட்டியில் 60 இருந்தால் ஓடையில் போனது 240. கள்ளநோட்டு எத்தனை புழங்குகிறது என்று கட்டில் நாலைந்து உருவிப் பார்ப்போமே, அந்த ரகம். சம் குஞ்சு வாலில் கத்தரி வைக்க முடியாத அளவு பொடி என்பதால், பல இடங்களில் பிஸ்மார்க் பிரவுன் என்ற சாயத் தண்ணீரில் சற்று நேரம் விட்டு எடுக்கிறார்கள். மஞ்சள் பாய்ந்த பழுப்பு நிறமாகிவிடும். பொரிப்பகத்தில் வளர்த்த கோஹோவுக்கு முதுகில் வாலை ஒட்டி இருக்கும் குட்டித் துடுப்பை வெட்டிவிடுகிறார்கள், அது திரும்ப முளைக்காது. சிலவற்றின் மூக்குக்குள் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய உலோகக் கம்பித் துண்டைச் செலுத்துகிறார்கள். அதில் எண் இருக்கிறது. ஆனால் தலையை அறுத்தால்தான் படிக்க முடியும். தூண்டில் போடுகிறவர்கள் அந்த மீன் தலையை அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், படிவம் எழுதி. பாஸ்புக் ஒப்படைப்பது மாதிரி!

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, 40 ஸ்மோல்ட்டுக்கு வால் கத்தரித்தோம். சனிக்கிழமை காலை பெட்டியில் 71 ஸ்மோல்ட். குறி வைத்தது ஒன்றுகூட இல்லை. ஞாயிறும் இல்லை. டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. வலையில் ஓட்டை இருக்கலாம் என்று இரண்டு பேர் இறங்கிச் சட்டம் சட்டமாக ஒரு மணி நேரம் தடவினார்கள். மேலே விட்ட இடத்தில் நீர்நாய் உட்கார்ந்திருக்கும் என்றார் ஒருவர். நாரை என்றார் இன்னொருவர். நான் கரையில் நின்று வெள்ளிக்கிழமை அட்டையைப் புரட்டினேன். கையெழுத்து என்னுடையது. கீழே விட்டது 40, நேரம் 9.25. மேலே விட்டது 23, நேரம் 9.50.

அடிவயிறு ஜில்லென்றது. நீலப் பட்டி ஒட்டிய வாளி மேலே போக வேண்டியது. வெள்ளை வாளி கீழே. இரண்டும் என் பக்கத்தில்தான் இருந்தன. 40 குறி மீன்களையும் நானே சுமந்துபோய், மரநிழலில் நல்ல அமைதியான இடமாகப் பார்த்து, பொறிக்குக் கீழே விட்டிருக்கிறேன். குறியில்லாத 23-ஐ மூச்சு வாங்க மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அதில் எத்தனையோ மறுநாள் திரும்பவும் பெட்டியில் விழுந்து இரண்டாம் தரம் எண்ணப்பட்டிருக்கும். வரவைச் செலவிலும் செலவை வரவிலும் எழுதிய கதை. வங்கியில் 34 வருடத்தில் ஒருமுறைகூட இப்படிச் செய்ததில்லை.

இரண்டு பேரும் இன்னும் தண்ணீரில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டேன். டீச்சர் அட்டையை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை. "நல்லவேளை, நீர்நாய் மேல் பழி போட இருந்தோம்" என்றார். நான் ரப்பரை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணை அழிக்கக் கூடாது. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் நடந்ததை எழுதிக் கையொப்பம் போட வேண்டும். இது எனக்குத் தெரியாதா? லெட்ஜரில் அடித்துத் திருத்திய ஓர் இளைஞனை நானே அழவைத்திருக்கிறேன். அவமானத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: குறி மீன்கள் தவறுதலாகக் கீழே விடப்பட்டன. அந்த மூன்று நாள் கணக்கு மதிப்பீட்டில் சேராது.

அந்த 40 மீன்களுக்கு மட்டும் லாபம். ஒரு பொறி தாண்டும் தொல்லை மிச்சம்.

வீட்டில் சொன்னபோது மாப்பிள்ளை கேட்டார், "திரும்பி வர்ற பெரிய மீனை எண்ணினா போதாதா அத்தை? இதை வேற எதுக்கு எண்ணணும்?" நியாயமான கேள்விதான். பணம் என் கவுன்ட்டரிலிருந்து பெட்டக அறைக்குப் போகிறது. அங்கே குறைகிறது. நான் அனுப்பும்போது எண்ணாமல் விட்டிருந்தால், யார் கையில் குறைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? இலையுதிர் காலத்தில் கோஹோ குறைந்தால் கோளாறு ஓடையிலா கடலிலா என்று பிரித்துச் சொல்ல, போகும்போது எண்ணிய கணக்கு வேண்டும்.

இதே ஃப்ரேசர் ஆற்றில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2009-இல் ஒரு கோடிக்கு மேல் சாக்கை சால்மன் திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சுமார் 15 லட்சம். நாடே பதறி, நீதிபதி புரூஸ் கோஹன் தலைமையில் விசாரணை ஆணையம் போட்டார்கள். ஆனால் அந்த மீன்கள் 2007 வசந்தத்தில் ஸ்மோல்ட்டாகக் கிளம்பியபோது, வடக்கே சில்கோ ஏரியிலிருந்து இறங்கிய கூட்டம் அதுவரை காணாத அளவு பெரிது. அங்கே வருடா வருடம் எண்ணுகிறார்கள், அதனால் தெரியும். ஏரி தன் பங்கைச் சரியாகக் கொடுத்திருக்கிறது. துண்டு விழுந்தது அதற்குப் பிறகு. எங்கே, எதனால்? 2012-இல் மூன்று தொகுதி அறிக்கை வந்தது, 75 பரிந்துரைகளோடு. காரணம் இதுதான் என்று ஒன்றைக் கைகாட்ட முடியவில்லை. நடுவில் 2010-இல் ஏறக்குறைய மூன்று கோடி மீன் திரும்பி வந்து எல்லாரையும் இன்னும் குழப்பியது. கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்கு இதைப் படித்தால் தூக்கம் வருமா?

கோஹோ கதையும் அப்படித்தான். ஃப்ரேசர் போய்க் கலக்கும் ஜார்ஜியா நீரிணையில் 1970-களில் கடலுக்குப் போன நூற்றில் பத்துக்கு மேல் உயிரோடு இருந்தன. 1990-களுக்குப் பிறகு பெரும்பாலும் ஐந்தைத் தொடுவதில்லை. ஓடைப் பக்கமும் சுத்தம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஓடை ஒரு நெடுஞ்சாலைக்கு அடியில் குழாய் வழியாகப் போகிறது. முதல் மழைக்குச் சாலை கழுவிய தண்ணீர் முழுக்க இங்கேதான். வாஷிங்டன் பக்கத்து நகர ஓடைகளில், முட்டை இட வந்த கோஹோ இடாமலே சுருண்டு சாவது பல வருடம் புதிராக இருந்தது. டயரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி உண்டாகும் நஞ்சுதான் அது என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சம் அதைத் தாங்குகிறது, கோஹோ தாங்குவதில்லை. அன்றிலிருந்து மாப்பிள்ளை காரில் ஓடைக்கு வந்து இறங்குவது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. பக்கம்தானே என்று நடந்து போகிறேன்.

எண்ணிப் பார்த்ததால் கிடைத்த நல்ல சேதி ஒன்றும் உண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அலூவெட் ஏரி. 1920-களில் அணை கட்டி சாக்கையின் வழியை அடைத்துவிட்டார்கள். ஏரிக்குள் மாட்டியவை அங்கேயே வாழப் பழகி, கோகனி என்ற பெயரில் சின்ன மீனாகிவிட்டன. 2005 வசந்தத்தில் மதகிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டு, கீழே ஆற்றில் பொறி வைத்துப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஏரியைத் தாண்டாத கோகனிகள் ஸ்மோல்ட்டாக மாறிப் பொறியில் வந்து விழுந்தன. 2007-இல் சில மட்டும் சாக்கையாகத் திரும்பி வந்து அணையடியில் நின்றன. சொற்பம்தான். டீச்சர் இதைச் சொல்லும்போது மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

எங்கள் மீன்கள் திரும்பி வருமா என்று பேத்தி கேட்கிறாள். ஒன்றரை வருடம் கடலில் இருந்துவிட்டு அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் வரும் கண்ணு, சில ஆண் மீன்கள் மட்டும் அவசரப்பட்டு ஆறு மாதத்திலேயே வந்துவிடும் என்றேன். அந்த நாற்பதுமா என்றாள். வால் வளர்ந்திருக்கும், அடையாளம் தெரியாது என்றதற்கு, "அப்போ எல்லாத்தையும் அந்த நாற்பதுன்னு வெச்சுக்கலாம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு மே கடைசி வாரம். கரையோரம் சால்மன்பெர்ரி பழுத்துவிட்டது, ஒன்றிரண்டு பறித்துத் தின்றேன், புளிப்பு. இன்றிரவு கனமழை என்கிறார்கள். தண்ணீர் ஏறிக் கலங்கினால்தான் ஸ்மோல்ட்டுக்குக் குஷி, கூட்டம் கூட்டமாக இறங்கும். அதே தண்ணீர் இலையும் கிளையும் அடித்துவந்து வலையை அடைத்துப் பொறியையே சாய்த்துவிடும் என்பதால், மழை ராத்திரியில் பொறியைத் திறந்து வைத்துவிட வேண்டும். சீசனிலேயே அதிக மீன் போகும் ராத்திரி, நாங்கள் எண்ண முடியாத ராத்திரி.

மாலை ஆறு மணிக்குப் போய் நாலு சட்டங்களைக் கழற்றிக் கரையில் அடுக்கினோம். பெட்டி மூடியை எடுத்துவிட்டோம். நாளைய தேதி போட்டு, எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம் எழுதப் போனேன். டீச்சர் தலையை ஆட்டினார். பூஜ்யம் என்றால் எண்ணினோம், ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஜன்னலில் மழை இப்போதே ஆரம்பித்துவிட்டது.